411-க்கும் 412-க்கும் நடுவே

போன மாதம் நான் வேலை பார்த்த பல்கலைக்கழகத் துறையில் ஒரு சின்ன விழா. ஓய்வு பெற்றவர்களையும் கூப்பிட்டிருந்தார்கள். சாப்பாடு முடிந்ததும், அங்கே இப்போது ஆராய்ச்சி செய்கிற இரண்டு பேர் என்னை ஓர் அறைக்கு அழைத்துப்போய் மடிக்கணினியில் ஒரு படம் போட்டுக் காட்டினார்கள். ஒரு புரதம் மடிகிறது. நூல் மாதிரிக் கிடந்தது மெல்லச் சுருண்டு, வளைந்து, தன் இடத்தில் போய் உட்காருகிறது. ஒரு குலுக்கல் இல்லை, ஒரு தடங்கல் இல்லை.

"எப்படிங்க சார் இருக்குது?" என்றார் ஒருவர்.

"நல்லாத்தான் இருக்குது. இதுல கணக்குல வந்த படம் எத்தனை, நடுவுல நீங்களாப் போட்டது எத்தனை?"

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "அதெல்லாம் சாஃப்ட்வேரே போட்டுக்குமுங்க சார்."

எனக்குச் சுருக்கென்றது. வந்த இடத்தில் வாக்குவாதம் வேண்டாமென்று காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பினேன். காந்திபுரம் வரும்வரை பஸ்ஸில் மனசு ஆறவில்லை. அங்கே சொல்லாமல் வந்ததை இங்கே எழுதிவிடுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் அன்னூர்ப் பக்கம். அப்பா, அம்மா இருவரும் அடுத்தவர் தோட்டத்தில் வேலை செய்தவர்கள். சர்ச் பள்ளிக்கூடத்தில் படித்து, பாலிடெக்னிக் முடித்து, கோவையில் ஒரு பம்ப் கம்பெனியில் டிராயிங் வரைகிற டிராஃப்ட்ஸ்மேனாகச் சேர்ந்தேன். அங்கே கற்றதில் இரண்டு விஷயம் மட்டும் சொல்கிறேன். இரண்டும் பின்னால் வரும்.

ஒன்று, மரை, அதாவது திருகில் சுற்றி ஏறுகிற கோடு. பம்பில் தண்ணீரைத் தள்ளுகிற இம்பெல்லரைப் பிடித்து வைக்கிற நட்டுக்கு சில மாடல்களில் லெஃப்ட் த்ரெட் போடுவார்கள், ஓட ஓடக் கழன்றுவிடக் கூடாது என்பதற்காக. சேர்ந்த புதிதில் அதை ரைட் த்ரெட்டாக வரைந்து கொடுத்துவிட்டேன். ஃபோர்மேன் அந்த டிராயிங்கை எல்லார் முன்னாலும் தூக்கிப் பிடித்து, "தம்பி, இந்தப் பம்பு ஓடுனா நட்டு தனியா ஊட்டுக்குப் போயிரும்" என்றார். ஒர்க்ஷாப் முழுக்கச் சிரித்தது. அன்றிலிருந்து எந்தத் திருகைப் பார்த்தாலும் முதலில் அது எந்தக் கை என்றுதான் என் கண் பார்க்கும். செங்குத்தாக நிறுத்திப் பார்க்கும்போது முன்பக்கக் கோடு இடமிருந்து வலமாக ஏறினால் ரைட். வலமிருந்து இடமாக ஏறினால் லெஃப்ட். தலைகீழாகத் திருப்பினாலும் இது மாறாது.

இரண்டாவது, ஃபிரெஞ்ச் கர்வ். வளைந்து வளைந்து இருக்குமே, அந்த பிளாஸ்டிக் அட்டை. கணக்குப் போட்டவர் பத்துப் புள்ளி கொடுப்பார். அட்டையை வைத்து அந்தப் புள்ளிகளை ஒரே வளைவாக இணைத்துக் கொடுப்பது என் வேலை. புள்ளிக்கும் புள்ளிக்கும் நடுவில் இருப்பது என் கை. அதை யாரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. கோடு வழவழவென்று வந்தால் நல்ல டிராஃப்ட்ஸ்மேன், அவ்வளவுதான்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் காந்திபுரத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் படித்தேன். அதை வைத்து உயிரியற்பியல் துறை ஒன்றில் தொழில்நுட்ப உதவியாளர் வேலை கிடைத்தது. தற்காலிகம்தான். ஒவ்வொரு வருஷமும் நீட்டிக்க வேண்டும்.

துறைத் தலைவர் ஜானகி மேடம். ஒல்லியாக, குட்டையாக இருப்பார். குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை. நம் ஊரில் எல்லாரும் மரியாதையாகத்தான் பேசுவார்கள், ஆனால் மேடத்திடம் அந்த மரியாதை ஒரு மீட்டர் மாதிரி. மனசு நன்றாக இருந்தால் "சாமுவேல், அத எடுங்க" என்பார். கோபம் ஏற ஏற 'ங்க' கூடும். "ஏனுங்க சாமுவேலுங்க, கொஞ்சம் வாரீங்களாங்க?" என்று வந்துவிட்டால் எனக்கு உள்ளங்கை வேர்த்துவிடும்.

கம்ப்யூட்டர் அறைக்குள் செருப்புப் போட்டு நுழையக் கூடாது. அங்கே ஏசி போட்டிருந்ததும் கம்ப்யூட்டருக்காக, நமக்காக அல்ல. கதவுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய நோட்டு கயிறு கட்டித் தொங்கும். அதுதான் மேடத்தின் சட்டப் புத்தகம். இடது பக்கத்தின் மேலே 'கண்டது' என்று எழுதியிருக்கும், வலது பக்கத்தின் மேலே 'செய்தது'. மிஷின் கொடுத்தது, மிஷினுக்கு நடந்தது எல்லாம் இடது பக்கம். நாம் கை வைத்தது எல்லாம் வலது பக்கம், அது ஒரு எண்ணைத் திருத்தியதாக இருந்தாலும். தாளைக் கிழிக்கக் கூடாது, அழிக்கக் கூடாது, வெள்ளை மை பூசக் கூடாது. தப்பாக எழுதிவிட்டால் ஒரே ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் அன்றைய தேதி போட வேண்டும். அடித்ததும் படிக்கும்படி இருக்க வேண்டும்.

அங்கே நாங்கள் செய்த வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். புரதம் என்பது மணி கோத்த நீளச் சங்கிலி. தண்ணீரில் அது தானாகவே மடிந்து ஓர் உருவத்துக்கு வந்துவிடும். எந்த வழியாக மடிகிறது என்பதுதான் கேள்வி. பெங்களூரில் இருந்த ஒரு பெரிய கணினியில் அந்த அசைவைக் கணக்குப் போட்டு, நொடியிலும் மிகச் சின்னத் துளி நேரத்துக்கு ஒன்றாகப் படங்கள் எடுப்பார்கள். நாங்கள் ஒவ்வொரு மணியையும் ஒரு புள்ளியாக வைப்போம். இரண்டு புள்ளிகள் குறிப்பிட்ட தூரத்துக்குள் வந்துவிட்டால் நடுவே ஒரு கோடு. அப்போது ஒவ்வொரு படமும் புள்ளியும் கோடுமாக ஒரு வலை ஆகிவிடும். சங்கிலி மடிய மடியக் கோடுகள் தோன்றும், சில மறையும். எந்தக் கோடு எப்போது வந்தது என்று பார்த்தால் மடிந்த வழி தெரியும்.

"உருவம், நாம பாக்கற இடத்தப் பொறுத்து மாறுமுங்க. கோடு மாறாது" என்பார் மேடம். அதனால் வலையை மட்டும் சேமித்தோம். எந்தப் புள்ளிக்கும் எந்தப் புள்ளிக்கும் கோடு, அதன் நீளம் என்ன, இவ்வளவுதான். டிஸ்க்கில் இடம் இல்லாத காலம். மூலக் கணக்கு இருந்த டேப்புகளை அழித்து அடுத்த வேலைக்குப் பயன்படுத்திவிட்டோம்.

இந்த வேலை கஸ்தூரியின் ஆராய்ச்சி. கோபிசெட்டிபாளையத்துப் பெண், வாழைத் தோட்டக்காரர் மகள். என்னை அண்ணா என்றுதான் கூப்பிடும். பதிவு செய்து ஐந்து வருஷம் ஓடி, நீட்டிப்பும் வாங்கி, அதுவும் முடியப் போகிற நேரம். அந்த மாதக் கடைசிக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவு ரத்து. அத்தனை வருஷமும் வீணாகிவிடும். ஊரிலிருந்து அவள் அப்பா போன் செய்யும்போதெல்லாம், "முடிஞ்சு போச்சுங்கப்பா, இந்த மாசம் குடுத்துருவேன்" என்று சொல்வது எங்கள் அறை வரை கேட்கும்.

அதற்குச் சில மாதம் முன்னால் சென்னையில் ஒரு கருத்தரங்கம். வலையைக் காட்டினால் பார்ப்பவர்களுக்குப் புரியாது, அசைகிற படமாக வேண்டும் என்றார் மேடம். டேப் இல்லாததால், கோடுகளின் நீளத்தை வைத்துப் புள்ளிகளை மறுபடி இடத்தில் நிறுத்தும் ஒரு புரோகிராம் எழுதினேன். ஒரு படத்துக்குக் கிடைத்த இடங்களிலிருந்து அடுத்த படத்தைத் தொடங்கும், இப்படியே சங்கிலியாகப் போகும். ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய்விட்டது. யூபிஎஸ் கொஞ்ச நேரம் கத்திவிட்டு அதுவும் அணைந்தது. 411 வரை முடிந்திருந்தது. கரண்ட் வந்ததும் 412-ஐ, 411-இன் இடங்களை எடுத்துக்கொள்ளாமல், புதிதாகத் தொடங்கி ஓட்டினேன். நோட்டில் இடது பக்கம் எழுதினேன்: 'கரண்ட் தடை. 412-லிருந்து மறுபடி ஓட்டம்.'

இரண்டையும் ஒட்டிப் பார்த்தால் நடுவில் படம் டக்கென்று குதித்தது. மறுபடி ஓட்டியதால் வந்த குலுக்கல் என்று நினைத்தேன். ஃபிரெஞ்ச் கர்வை எடுத்த கை சும்மா இருக்குமா? 411-க்கும் 412-க்கும் நடுவே இருபத்துநான்கு படங்களை நானே போட்டு நிரப்பினேன். ஒவ்வொரு புள்ளியும் பழைய இடத்திலிருந்து புது இடத்துக்கு நேராக, படிப்படியாகப் போகும்படி. வழவழவென்று வந்தது. வீடியோ கேசட்டில் பதிவு செய்தேன். வலது பக்கம் எதுவும் எழுதவில்லை. மறைக்க வேண்டும் என்று நினைக்கவில்லை. அது எழுதக்கூடிய காரியம் என்றே எனக்குத் தோன்றவில்லை.

அந்த இடத்தைப் பார்த்த கஸ்தூரி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். "அண்ணா, அத மறுபடி போடுங்க!" புரதம் அங்கே மெதுவாகத் தட்டையாகி, தோசை மாதிரி ஆகி, பிறகு மறுபக்கமாக விரிந்தது. காற்றில் குடை புரண்டுகொள்வது போல. இப்படி ஒரு அசைவை யாரும் பார்த்ததில்லை என்றாள். மேடமும் மூன்று தடவை போட்டுப் பார்த்தார். சென்னையில் கைதட்டினார்களாம். கஸ்தூரி அதன் மேல் ஆய்வேட்டின் நான்காவது அத்தியாயத்தையே எழுதினாள். 'புரளல்' என்று அதற்குப் பெயரும் வைத்தாள்.

கெடுவுக்கு ஒன்பது நாள் இருந்தபோது, அந்த அத்தியாயத்துக்குப் பெரிதாக இரண்டு படம் வேண்டும் என்று கேட்டாள். புரளலுக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. தாளில் தானே வரைகிற பிளாட்டர் மிஷினில் பேனா வைத்து வரைந்து எடுத்தேன். காலை பதினொரு மணி இருக்கும். இரண்டு தாளையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன்.

சங்கிலியின் ஒரு முனையில் ஸ்பிரிங் மாதிரி ஒரு சுருள். முதல் தாளில் அது லெஃப்ட் த்ரெட். இரண்டாவது தாளில் ரைட் த்ரெட்.

திரையில் அத்தனை தடவை ஓடவிட்டுப் பார்த்தபோது தெரியாதது, தாளில் நிற்கும்போது பளிச்சென்று தெரிந்தது. ஒரு மரை, கை மாற வேண்டுமானால் முழுக்கப் பிரிந்து மறுபடி சுருள வேண்டும். அப்படியென்றால் அங்கே கோடுகள் அறுந்திருக்க வேண்டும். 411-இன் வலையையும் 412-இன் வலையையும் அச்சடித்தேன். ஒன்றின் மேல் ஒன்று வைத்து ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிப் பார்த்தேன். வெயில் பின்னாலிருந்து அடித்தது. ஒரு கோடு கூட அறவில்லை. ஒரு கோடு கூடப் புதிதாக வரவில்லை.

அப்போதுதான் புரிந்தது. வலது செருப்பில் எந்தப் புள்ளிக்கும் எந்தப் புள்ளிக்கும் என்ன தூரமோ, இடது செருப்பிலும் அதே தூரம்தான். தூரத்தை மட்டும் வைத்துக்கொண்டு கட்டினால் நிஜ உருவமும் வரலாம், கண்ணாடியில் தெரிகிற உருவமும் வரலாம். கரண்ட் போவதற்கு முன்னால் என் புரோகிராம் கண்ணாடி உருவத்தைக் கட்டியிருக்கிறது. வந்த பிறகு நிஜத்தைக் கட்டியிருக்கிறது. நடுவில் இடதை வலதாக்க நான் இருபத்துநான்கு படம் போட்டிருக்கிறேன். தட்டையாகாமல் வேறு என்ன செய்யும்? அந்தப் புரதம் புரளவே இல்லை. புரட்டியது நான்.

பக்கத்து அறையில் கஸ்தூரி டைப் செய்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

இனி நான் செய்ததையும் சொல்லிவிடுகிறேன். நோட்டை எடுத்தேன். கரண்ட் போன நாளின் பக்கத்தைத் திருப்பினேன். வலது பக்கம் காலியாக இருந்தது, தாராளமாக எழுத இடம். என்னிடம் அதே நீல மைப் பேனா. 'இடையில் இருபத்துநான்கு படங்கள் நிரப்பப்பட்டன' என்று எழுதினேன். எழுதி முடிக்கும்வரை நான் யோசித்தது என் வேலையை மட்டும்தான். அடுத்த மாதம் என் நீட்டிப்புக்கு மேடம் கையெழுத்துப் போட வேண்டும்.

எழுதிய பிறகு அதையே படித்துப் பார்த்தேன். இந்த வரி அன்றே எழுதியது என்று ஆகிவிட்டால், அதைப் படிக்காமல் அத்தியாயம் எழுதியவள் கஸ்தூரி. தப்பு அவளுடையதாகிவிடும். ஒரே வரியில் பழியை அந்தப் பெண் தலையில் ஏற்றிவிட்டேன். எனக்கே என் மேல் அருவருப்பாக இருந்தது. ஸ்கேலை வைத்து ஒரு கோடு போட்டு அடித்தேன். கீழே அன்றைய தேதியைப் போட்டு, 'மேலே உள்ளது இன்று எழுதியது. அன்று எழுதவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நோட்டையும் இரண்டு தாளையும் எடுத்துக்கொண்டு மேடம் அறைக்குப் போனேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தாள்களைப் பார்த்தார். விரலால் சுருளின் மேல் ஏறினார், இறங்கினார். பிறகு நோட்டைப் பார்த்தார். அடித்த வரியில் கண் நின்றுவிட்டது.

"ஏனுங்க சாமுவேலுங்க."

"மேடம்."

"இத நீங்க அடிக்காம உட்டிருந்தீங்கன்னா, நான் அந்த அம்மணியத்தானுங்க கேட்டிருப்பேன்."

நோட்டை மூடி என் பக்கம் தள்ளினார்.

"நீங்களே போய்ச் சொல்லுங்க. இந்த நோட்டையும் கொண்டுபோய்க் குடுங்க" என்றார்.

கஸ்தூரியிடம் சொன்ன அந்தப் பத்து நிமிஷம் என் வாழ்க்கையிலேயே நீளமான பத்து நிமிஷம். அவள் முதலில் நம்பவில்லை. பிறகு அச்சடித்த வலைகளை வாங்கி, ஜன்னலில் வைத்து, ஒவ்வொரு கோடாக விரலால் தொட்டுப் பார்த்தாள். என் பக்கம் திரும்பினாள்.

"ஒன்பது நாளுதானுங்கண்ணா இருக்குது. எங்கப்பாகிட்ட என்னன்னு சொல்லுவேன்?"

நோட்டை அவள் மேசையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

அதன் பிறகு அவள் என்னோடு பேசவில்லை. வேலைக்கு வேண்டியதைத் துண்டுச் சீட்டில் எழுதி வைப்பாள். மேடம் எங்கள் இருவருக்கும் நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். இயற்கையில் அந்தச் சுருள் எப்போதும் ரைட் த்ரெட்தான், ஆகவே அதை வைத்து ஒவ்வொரு படத்துக்கும் கையைச் சரிபார்த்து மறுபடி கட்டினேன். படத்துக்கு நடுவே ஒன்றைக் கூட நிரப்பவில்லை, குலுங்கினால் குலுங்கட்டும் என்று விட்டேன். கரண்ட் போய்விடுமோ என்று பல்பைப் பார்த்துக்கொண்டே வேலை செய்தேன். ஐந்தாம் நாள் முழுப் படமும் ஓடியது. புரளல் இல்லை. அந்த இடத்தில் புரதம் சும்மா நின்றது. முன்னும் பின்னுமாக மொத்தம் நாற்பது படம், கோடு எதுவும் மாறாமல் அப்படியே நின்றது. பிறகுதான் கடைசிக் கோடுகள் மளமளவென்று வந்து சேர்ந்தன.

"அது ஏனுங்க அங்க நிக்குது?" என்றார் மேடம், யாரிடம் என்றில்லாமல்.

கஸ்தூரி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்துபோய் நான்காவது அத்தியாயத்தைக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டு, புதிதாக எழுத உட்கார்ந்தாள். நாற்பது பக்கம் இருந்தது பதினொரு பக்கமாயிற்று. கடைசி நாள் மதியம் மூன்று மணிக்கு, பைண்டிங் பசை காயாமல், ஆட்டோவில் கொண்டுபோய்க் கொடுத்தாள். அப்போதும் என்னிடம் எதுவும் சொல்லவில்லை.

எட்டு மாதம் கழித்து வாய்மொழித் தேர்வு. டிவியையும் கேசட் பிளேயரையும் இயக்க நான் மூலையில் நின்றேன். தேர்வாளர் சென்னையிலிருந்து வந்தவர், அந்தக் கருத்தரங்கில் இருந்தவர். ஆங்கிலத்தில்தான் எல்லாம் நடந்தது. நான் பயந்துகொண்டிருந்த கேள்வி வந்தபோது மட்டும் அவர் தமிழுக்கு மாறினார்.

"நான் சென்னையில பாத்த படத்துல ஒரு புரளல் இருந்துச்சே அம்மா. அது எங்க?"

மேடம் மேசையைப் பார்த்தார். அவள் என் பெயரைச் சொன்னால் போதும், அது நியாயமும்கூட.

"அது புரோட்டீன் பண்ணுனது இல்லைங்க சார். நாங்க வரைஞ்சதுங்க."

"நாங்கன்னா யாரு?"

"படம் போட்டவரு ஒருத்தரு. பாத்துட்டு ஒரு வார்த்த கேக்காம அத்தியாயம் எழுதுனவ நானு."

"பாத்துட்டுச் சரின்னு சொன்னது நானுங்க" என்றார் மேடம், தலை நிமிராமலே.

தேர்வாளர் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். "சரி. அப்ப அந்த நாப்பது படம் நிக்கறதப் பத்திச் சொல்லுங்க" என்று பேனாவை எடுத்தார். அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் அதைப் பற்றி மட்டும்தான் கேட்டார். அன்று சாயங்காலம் அவள் டாக்டர் கஸ்தூரி ஆனாள். நேரே போன் இருந்த அறைக்குத்தான் ஓடினாள், கோபிக்குச் சொல்ல.

எல்லாரும் போன பிறகு அன்றைய கணக்கை எழுத நோட்டை எடுத்தேன். அந்தப் பழைய பக்கத்தை எட்டு மாதமாக நான் திறக்கவே இல்லை, தைரியம் இல்லை. அன்று திறந்தேன். நான் அடித்த வரிக்குக் கீழே, என் கையெழுத்துக்கும் கீழே, கஸ்தூரியின் சின்ன எழுத்தில் ஒரு வரி இருந்தது.

'படம் பார்த்தேன். நடுவில் என்ன இருக்கிறது என்று கேட்கவில்லை. – கஸ்தூரி.'

தேதி, நான் நோட்டை அவள் மேசையில் வைத்துவிட்டு வந்த அதே நாள்.